மகள் பெயரும் ஹிபா, எழுதுவதும் ஹிபா

கேள்வி: பெங்களூரு சிவாஜி நகரில் சொந்த வீடு. மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். இளைய மகள் ஹிபாவுக்கு வீட்டை ஹிபா (இஸ்லாமியச் சட்டப்படியான கொடை) செய்ய ஆசை. முத்திரைத்தாளில் எழுதி பள்ளிவாசல் ஜமாஅத்தார் இருவர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? என் காலத்துக்குப் பிறகு வீடு அவளுக்குப் போனால் போதும். மூத்தவன் ஒரு மகன்.

பதில்: ஹிபா செல்லும். ஆனால் ‘என் காலத்துக்குப் பிறகு’ என்று எழுதினால் அது ஹிபாவே இல்லை, வஸிய்யத், அதாவது உயில் ஆகிவிடும். வாரிசான மகளுக்கு எழுதும் வஸிய்யத், உங்களுக்குப் பின் மகனும் மற்ற வாரிசுகளும் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஹிபாவுக்கு மூன்று வேண்டும்: கொடுத்தேன் என்று நீங்கள் சொல்லவேண்டும், மகள் ஏற்கவேண்டும், சொத்து இப்போதே அவர் கைக்குப் போகவேண்டும். முதல் இரண்டில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்காக நீங்கள் மாடியைக் காலிசெய்ய வேண்டாம். தந்தையும் மகளும் ஒரே வீட்டில் இருக்கும்போது, கைமாறியதைக் காட்டும் செயல் இருந்தால் போதும். கீழ்வீட்டுக்காரருக்கு ‘இனி வாடகையை என் மகளிடம் கொடுங்கள்’ என்று கடிதம் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். அடுத்த மாத வாடகை மகளின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். சொத்து வரி ரசீது, கரண்ட் மீட்டர் எல்லாம் அவர் பெயருக்கு மாறட்டும். நாளைக்குச் சாட்சி சொல்லப்போவது இவைதான்.

பதிவு கட்டாயமா? 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்குத் தருகிறது. எழுத்தில் இருந்தாலும் பதிவு தேவையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருந்தாலும் பதிவு செய்யுங்கள் என்பேன். மாநகராட்சிச் சொத்துப் பதிவான காத்தாவை மாற்றவோ, வங்கியில் கடன் வாங்கவோ, பின்னாளில் விற்கவோ போனால் முதலில் கேட்பது பதிவுப் பத்திரத்தைத்தான்.

பத்திரத்தில் வெறும் ‘ஹிபா’ என்று பெயர் எழுதினால், அது ஆளா, கொடையா என்று படிப்பவர் தடுமாறுவார். தந்தை பெயர், வயது, முகவரியோடு ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். ஆதாரில் ஹிபா, பான் கார்டில் ஹீபா என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். மரணப் படுக்கையில் கொடுத்தால் வஸிய்யத்துக்குள்ள கட்டுப்பாடுகள் வந்துவிடும். கொடுத்ததைத் திரும்பப் பெறலாமா என்பதில் மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) வேறுபாடு உண்டு: ஷாஃபியில் தந்தைக்கு அதற்கு இடமிருக்கிறது, ஹனஃபியில் மகள் கைக்குப் போனபின் இல்லை.

அப்புறம், மகன். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த தந்தையிடம், ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தாயா?’ என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்ட ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகனுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அவர் மனமொப்பினால், பத்திரத்தில் ஒரு சாட்சியாக அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.