கார்ச்சிங்குக்கு வரவிருக்கும் தம்பிக்கு: சம்பளத்தை விடுங்கள், ஒப்பந்தக் காலத்தைக் கேளுங்கள்

தம்பிக்கு வணக்கம். மியூனிக்கை அடுத்த கார்ச்சிங்கில் சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்ட இடம் கிடைத்திருப்பதாக எழுதி, மாதச் சம்பளம் போதுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, குளிரைத் தாங்க முடியுமா, பட்டம் முடித்தபின் இதே துறையில் நிலைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனி ஆளுக்குச் சம்பளம் போதும். அரிசியும் பருப்பும் எல்லாக் காலத்திலும் கிடைக்கும். கனமான கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் எழுத விரும்புகிறேன், ஏனெனில் நான் வந்தபோது அதைப் பற்றி என்னிடம் பேச ஓர் ஆளும் இல்லை.

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலும் அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களிலும் தற்காலிகப் பணியில் ஒருவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகளும் பின் 6 ஆண்டுகளும் இருக்கலாம் என்பதே 2007இல் வந்த சட்டம் வகுத்த பொது வரம்பு. குழந்தை இருந்தால் காலம் கூடும், வெளி நிதித் திட்டங்களுக்குத் தனி வழியும் உண்டு; ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் மிகச் சில. போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முடியும், அடுத்தது எந்த நாட்டில் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருமுறை எனக்கு அரையாண்டு நீட்டிப்பு மட்டும் கொடுத்தார்கள். குடியிருப்பு அனுமதியும் அந்த அரையாண்டுக்கே வந்தது. அதைக் காட்டி மியூனிக்கில் வாடகைக்கு வீடு கேட்பது எத்தகைய அவமானம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை: முகவரிப் பதிவுக்கான கடிதம் தர மறுக்கும் வீட்டுக்காரரிடம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், போகாதீர்கள். வந்த புதிதில் எனக்கு அப்படி ஓர் அறைதான் வாய்த்தது. பதிவு இல்லாததால் வரி எண் வரவில்லை, எல்லாக் காகிதமும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனது.

சட்டத்தைப் படிக்கவும் அலுவலகக் கடிதத்துக்கு நானே பதில் எழுதவும் வேண்டும் என்பதற்காகவே ஜெர்மன் கற்றேன், இன்று புதிதாக வருகிறவர்களின் ஒப்பந்தங்களைப் படித்து விளக்கும் அளவுக்கு அது கைவந்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. பல ஆண்டுகள் இங்கே இருந்தும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அடுத்தவரைத் தேடும் நம்மவர்களை என்னால் மெச்ச முடியவில்லை. துறையை விட்டு மென்பொருளுக்குப் போனவர்களில் சிலர், வானியல் சோறு போடாது என்று உங்களிடமும் சொல்வார்கள். அவர்கள் போனது அவர்கள் விருப்பம். அதை உங்கள் தலைவிதியாக எழுத அவர்களுக்கு உரிமை இல்லை.

துறையில் நிலைத்தவர்களில் பெரும்பாலோர், குறிப்பிட்ட ஓர் ஆய்வுக் கேள்வி என்றாலே நினைவுக்கு வருகிறவர்களாகத் தங்களை ஆக்கிக்கொண்டவர்கள். சூப்பர்நோவாவைக் கண்டுபிடிப்பது இனி அரிய திறமை இல்லை. சிலியில் 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட ரூபின் ஆய்வகம் தன் பத்தாண்டுப் பணியில் அவற்றை லட்சக்கணக்கில் காட்டும். அவற்றில் மிகச் சிறு பகுதிக்கே நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு, எடுக்க முடியும். எனவே எதைத் தேர்ந்தெடுப்பது, எடுத்ததை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவருக்கே மதிப்பு. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன், சந்திரசேகர் கணித்த 1.4 சூரிய நிறையை நெருங்கித்தான் வெடிக்கிறதா, அதற்கு முன்பே மேற்பரப்பு ஹீலியம் பற்றிக்கொண்டு வெடிக்கிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. நிறை மிகுந்த விண்மீன் மண்டலங்களில் வெடிக்கும் ஒன்றுஏ (Ia) வகை, அதாவது இப்படி வெண்குறு விண்மீன் வெடித்து உண்டாகும் சூப்பர்நோவா, வழக்கமான திருத்தங்களுக்குப் பிறகும் சற்றுக் கூடுதலாக ஒளிர்வது ஏன், தூசியாலா, விண்மீன்களின் வயதாலா என்பதும் அப்படியே. பிரபஞ்ச விரிவு முடுக்கமடைகிறது என்று கண்டு 2011இல் நோபல் பெற்ற அளவீடுகள் தூரத்தை அறிய இந்த வகையின் ஒளியை நம்பியவை என்பதால் இது சில்லறைக் கேள்வி இல்லை. உங்கள் தலைப்பு இவற்றில் ஒன்றையேனும் நேராகத் தொடுகிறதா என்று பாருங்கள்.

இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்ட இடம் சிலியின் லா சில்லா மலை. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், 3.58 மீட்டர் தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அறையில், மங்கிய விண்மீன் மண்டலம் ஒன்றின் ஓரத்தில் புதிதாய்த் தெரிந்த புள்ளியின் ஒளியை நிறமாலைக்காக அரை மணி நேரம் சேர்த்தோம். மண்டலத்தின் செம்பெயர்ச்சியை, அதாவது அது விலகிச் செல்வதால் அலைநீளம் கூடும் அளவை, கழித்ததும், 6,355 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இடத்தில் இருக்க வேண்டிய சிலிக்கான் கோடு 6,150க்கு அருகே ஆழமான பள்ளமாக விழுந்திருந்தது. வெடித்த பொருள் விநாடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்பதை அந்த ஒரு பள்ளத்திலிருந்து காகிதத்திலேயே கணக்கிட்டு முடித்தேன். வெளியே வந்தால், நம் ஊரில் தென் அடிவானத்தை ஒட்டியே எழும் பெரிய மெகல்லானிய மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலம் உயரத்தில் நின்றது. 1987 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா அதில்தான் வெடித்தது. அந்த இரவுக்குப் பிறகு வேறு தொழிலை நான் நினைத்ததில்லை.

கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் படித்து முடித்த இருவருக்கு எழுதுங்கள். பட்டத்துக்கு எத்தனை ஆண்டு ஆனது, கடைசி ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வந்தது, ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வந்ததும் ஒப்பந்தப் படியை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.