ஏற்காடு வளைவுகளில் மெர்சிடிஸ் ஜிஎல்எஸ் கார் ஆடுவது கோளாறா?

கோளாறாகத் தெரியவில்லை, வண்டி ஓடும் விதத்தை மாற்றும் டிரைவ் மோடை மாற்றிப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் மிதந்த வண்டி ஏற்காடு ஏறும்போது ஆடுகிறது, மூன்றாம் வரிசையில் அம்மாவுக்குக் குமட்டல் என்கிறீர்கள். மிதப்பு, ஆட்டம் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: கம்ஃபர்ட் மோடு.

அதில் ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைத் தாங்கும் காற்று ஸ்பிரிங் அமைப்பு) மென்மையாகிவிடும். நேர்சாலையில் சுகம்தான். ஆனால் அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியோ 5.2 மீட்டர் நீளம், சுமார் இரண்டரை டன் எடை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருபக்கம் சாய்ந்து மறுபக்கம் புரளும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முன்னால் சாலையும் சரியாகத் தெரியாது, வயிறு புரட்டாமல் என்ன செய்யும்?

1. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். அளவு எரிபொருள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய இருந்தால் பின் டயருக்கு அதிகம் வேண்டும்.

2. அடிவாரத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைக்கும் இன்டிவிஜுவல் மோடில் சஸ்பென்ஷனை மட்டும் இறுக்கமான ஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள். எஞ்சினையும் மாற்றினால் கியர் வெடுக்கென்று விழும், அதுவும் தலைசுற்றல்தான்.

3. வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஓட்டுபவருக்கு வளைவு முன்கூட்டியே தெரியும் என்பதால் குமட்டுவது அரிது; சொகுசை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு மதிப்பிட முடியாது.

ஸ்போர்ட்டில் பள்ளங்கள் கொஞ்சம் உறைக்கும். அம்மாவை நடுவரிசைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

ஆனால் இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் ஏர் சஸ்பென்ஷனில் காற்றுக் கசிவாக இருக்கலாம். அப்போது மலை ஏறாமல் சர்வீஸுக்கு விடுங்கள்.