‘ஜே-கேட்’டுக்கு லூசுன்னு போடலாமா?

அன்புள்ள சார்,

கலிஃபோர்னியா ஜெயில்ல இருந்த ஒருத்தரோட கடிதங்களை ஆசைப்பட்டு தமிழாக்கம் பண்ணிட்டு இருக்கேன். உள்ள இருந்தப்போ மனநல சிகிச்சையில இருந்தவர். பக்கத்துக்குப் பக்கம் ‘ஜே-கேட்’, ‘பக்’, ‘டிங்’, ‘பில் லைன்’னு வருது. முதல் மூணுக்கும் ‘லூசு’ன்னே போட்டுட்டேன், படிக்க நல்லாத்தான் ஓடுது, ஆனா ஏதோ உறுத்துது. சரியா?

– ஒரு வாசகி

வணக்கம்மா,

உறுத்தினது நல்லதுதான். ‘பக்’, ‘டிங்’ ரெண்டும் வெறும் வசவு, லூசு, மரை கழண்ட கேஸுன்னு எப்படிப் போட்டாலும் பாதகமில்ல. (மனநல மருந்துக்கு ‘பக் ஜூஸ்’னு ஒரு பேரு உண்டு, அது வந்தா என்ன பண்ணுவீங்களோ!) ‘ஜே-கேட்’ அப்படியில்ல, அது ஆபீஸ் பேப்பர்ல பிறந்தது. மனநலப் பிரச்சினை உள்ள கைதிகளுக்கு அங்க பழைய வகைப்பாட்டுல ‘கேட்டகரி ஜே’ன்னு ஒரு எழுத்து, அதைத்தான் யார்டுல (கைதிங்க உலாவற திறந்தவெளி) சுருக்கி வசவாக்கிட்டாங்க. அப்புறம் வகைப்பாடே மாறி, மத்த கைதிகளோட இருந்தே சிகிச்சை எடுக்கறவர் ‘ட்ரிபிள் சிஎம்எஸ்’, கூடுதல் கவனிப்பு வேணும்கறவர் ‘ஈஓபி’ன்னு ஆச்சு, ஆனா ஜே போகவே இல்ல.

‘பில் லைன்’ மாத்திரை வரிசைதான். ஆனா அந்த வரிசையில என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுட்டு எழுதுங்க. நர்ஸ் முன்னாடி முழுங்கணும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டணும், ஏன்னா கன்னத்துல ஒதுக்கிட்டுப் போயி விக்கறவங்க இருக்காங்க, அதுக்கு ‘ச்சீக்கிங்’னு (ச்சீக்னா கன்னம்) பேரு, க்யூட்டியாபின் மாதிரி தூக்கம் வர்ற மாத்திரைக்கு ஜெயிலுக்குள்ள கிராக்கி, அதனால நிஜமாவே நோயுள்ளவனை மிரட்டி அவன் மாத்திரையைப் பிடுங்கறதும் நடக்கும். இதுக்காகவே சில மாத்திரையைப் பொடிச்சு தண்ணியில போட்டுக் குடுப்பாங்க.

இதைவிட எனக்கு மனசுல நின்னது வெயில் விஷயம். சில மனநல மருந்து சாப்பிட்டா உடம்பு வெயிலைத் தாங்காது, அதனால கலிஃபோர்னியாவுல வெளிய 90 டிகிரி ஃபாரன்ஹீட் ஆனா அந்த மருந்துல இருக்கறவங்களை யார்டுலேர்ந்து உள்ள கூப்பிட்டுருவாங்க. நல்லதுக்குப் போட்ட ரூல்தான், ஆனா யார் யார் எழுந்து போறாங்கன்னு மொத்த யார்டும் பாக்கும்ல, அன்னைக்கே ரகசியம் அவுட். உங்காளு ‘இன்னைக்கு நல்ல வெயில்’னு எழுதியிருந்தா கொஞ்சம் நின்னு படிங்க, அது வானிலை இல்ல.

‘ஹோல்’னு வந்தா, அது தனிமைச் சிறை, இருட்டறைன்னு போட்டுடாதீங்க, பல இடத்துல ராத்திரிகூட லைட் அணையாது, அதான் கொடுமையே. கலிஃபோர்னியாவோட பெலிக்கன் பே ஜெயில் வழக்குல 1995ல நீதிபதி தெல்டன் ஹென்டர்சன், மனநோயாளியை அங்க தனிமையில அடைக்கறது ஆஸ்துமாக்காரனைக் காத்து கம்மியான இடத்துல போடற மாதிரின்னு எழுதினார்.

ஆக ‘ஜே-கேட்’டை அப்படியே விட்டுடுங்க, அடிக்குறிப்பும் வேண்டாம், புதுசா உள்ள போறவனுக்கும் நாலு நாள் புரியாமத்தானே இருந்திருக்கும். ‘பக்’ வெறும் வசவுன்னேன்ல, அதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, அவர் தன்னையே ‘பக்’னு சொல்லிக்கற இடம். அங்க அது வசவில்ல, மத்தவன் சொல்றதுக்கு முன்னாடி தானே சொல்லிடற சாமர்த்தியம். அந்த இடத்துல ‘நான்தான் லூசாச்சே’ன்னு போட்டுப் பாருங்க.