எக்ஸ்எஸ்எல்லா, எக்ஸ்எஸ்எல்டியா? பெயருக்கெல்லாம் தனித்தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் சிறு பதிப்பகத்தின் கட்டுரைகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக, அதாவது தலைப்பு, ஆசிரியர் பெயர் என்று குறிச்சொல் போட்ட கோப்புகளாக, இருக்கின்றன. அவற்றை இணையப் பக்கங்களாகவும் பிடிஎஃப் ஆகவும் மாற்ற விலைப்புள்ளி கேட்டோம். ஒருவர் எக்ஸ்எஸ்எல், எக்ஸ்எஸ்எல்டி, எக்ஸ்பாத் என்று மூன்று வேலையாகப் பிரித்து விலை போட்டிருக்கிறார். இன்னொருவர் 'எக்ஸ்எஸ்எல் ஸ்டைல்ஷீட்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம்.

முதலாமவர் எக்ஸ்பாத்துக்குத் தனி விலை போட்டிருப்பது, சட்டை தைக்கக் கூலி பேசிவிட்டு ஊசியில் நூல் கோத்ததற்கும் கூலி கேட்பது மாதிரி. கோப்புக்குள் தலைப்பு எங்கே, ஆசிரியர் பெயர் எங்கே என்று சுட்டிக்காட்டுவதுதான் எக்ஸ்பாத். அது இல்லாமல், கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் உருப்படியாக எதுவும் எழுத முடியாது. இதைத் தனி வேலை என்று விற்பவர் உங்களுக்கு விஷயம் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தவர்கள் தரங்களை வகுத்த டபிள்யூ3சி அமைப்பினர். முதலில் எக்ஸ்எஸ்எல் என்பது ஒரே மொழியாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகு அதைப் பிரித்தார்கள். உருமாற்றும் பகுதி எக்ஸ்எஸ்எல்டி என்றும், சுட்டிக்காட்டும் பகுதி எக்ஸ்பாத் என்றும் 1999 நவம்பரில் வெளிவந்தன. பக்க அமைப்புக்கான பகுதி 2001 அக்டோபரில்தான் வந்தது. அதை எல்லோரும் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்கிறார்கள். ஆனால் ஆவணத்தின் தலைப்பில் இருப்பது வெறும் எக்ஸ்எஸ்எல். குடும்பப் பெயரைக் கடைக்குட்டிக்கே வைத்துவிட்டால் ஊர் யாரை என்ன சொல்லிக் கூப்பிடும்? போதாததற்கு, உருமாற்றும் கோப்பின் முதல் குறிச்சொல்லுக்கு 'ஸ்டைல்ஷீட்', அதாவது அலங்காரத் தாள், என்று பெயர். 'ட்ரான்ஸ்ஃபார்ம்' என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றுதான். இருபது வருடத்துக்கும் மேலாக இதையே விளக்கி அலுத்துவிட்டது.

ஆகவே யாராவது 'எக்ஸ்எஸ்எல்' என்றால் பெரும்பாலும் எக்ஸ்எஸ்எல்டியைத்தான் சொல்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து மேல் வரிகளைப் பாருங்கள். இணைய முகவரி மாதிரி ஒன்று இருக்கும். அது 'ட்ரான்ஸ்ஃபார்ம்' என்று முடிந்தால் உருமாற்றம். கூடவே 'ஃபார்மட்' என்று முடியும் இன்னொன்றும் இருந்தால், அந்த உருமாற்றம் பிடிஎஃப்புக்கான பக்க அமைப்புக் கோப்பை, அதாவது எஃப்ஓவை, உருவாக்குகிறது. இரண்டாமவரின் மாதிரிக் கோப்பில் முதலாவது மட்டும் இருந்தால், இணையப் பக்கம் கிடைக்கும். பிடிஎஃப் கேட்கும்போது 'அது வேறு வேலை' என்பார்.

எஃப்ஓ கோப்பு கைக்கு வந்தாலும் அது பிடிஎஃப் ஆகிவிடாது. அப்பாச்சி எஃப்ஓபி போன்ற ஒரு மென்பொருள்தான் அதைப் பக்கங்களாக்கும். எஃப்ஓபி இலவசம். அதற்கு உரிமக் கட்டணம் என்று யாராவது கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

இப்போது எக்ஸ்எஸ்எல்டியின் பதிப்பு எண். இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கோப்பில் 'வெர்ஷன் 2.0' என்று எழுதியிருந்தால் அது 2.0 ஆக ஓடும் என்று நினைக்காதீர்கள். அந்த எண் ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். 1.0 மட்டும் தெரிந்த இயந்திரம், அதாவது உருமாற்றத்தை ஓட்டும் மென்பொருள், அந்தக் கோப்பை வாங்கி, தனக்குத் தெரிந்த வரை ஓட்டும். 2.0-இல் புதிதாக வந்த, குழுவாகப் பிரிக்கும் கட்டளை மாதிரி ஏதாவது எதிர்ப்பட்டதும் நின்றுவிடும். அந்தக் கட்டளை தேவைப்படாத கட்டுரைகள் ஒழுங்காக வரும். தேவைப்படும் கட்டுரையில் மட்டும் பிழை விழும். நானே ஒரு முறை இரண்டு நாள் எக்ஸ்எம்எல்லில் பிழை தேடினேன். கோப்பை எழுதிக் கொடுத்தவர் 2.0 தெரிந்த சாக்ஸன் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்த்திருக்கிறார், நான் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற இன்னொன்றில் ஓட்டினேன். அதற்கு 1.0 தான் தெரியும். உலாவிகளும் 1.0-ஐத் தாண்டவில்லை.

இணையப் பக்கத்துக்கு நிறமும் எழுத்துருவும் தரும் சிஎஸ்எஸ் போதாதா என்று யாராவது கேட்பார்கள். இருப்பதை அழகுபடுத்த அது போதும். ஆசிரியர் வாரியாக அடுக்கிப் பொருளடக்கம் தயாரிக்க உதவாது.

சரி, ஒப்பந்தத்தில் 'எக்ஸ்எஸ்எல்' என்ற சொல்லையே எழுதாதீர்கள். எந்தக் கோப்பு உள்ளே போகும், என்னவெல்லாம் வெளியே வர வேண்டும், எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் ஓடும் என்று எழுதுங்கள். அட்டவணையும் அடிக்குறிப்பும் அதிகமாக உள்ள உங்கள் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, உங்கள் கணினியிலேயே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணையை அதற்கு அப்புறம் கொடுங்கள்.