தெருவின் மட்டம்

அன்புள்ள ஐயா,

பத்து வருடமாகச் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்குச் சிறுசேரியில். முடிச்சூர், பெரும்பாக்கம், கூடுவாஞ்சேரி மூன்று இடங்களிலும் வீடு பார்த்து வைத்திருக்கிறோம். மகள் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. எங்கே நல்ல பள்ளி, எங்கே மெட்ரோ வரும், பத்து வருடத்தில் எங்கே விலை இரண்டு மடங்காகும் என்று சொல்வீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் முடிச்சூர்ப் பக்கம் எங்கள் பழைய தெருவுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். பக்கத்து வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். ரோடு போடப் போட தெரு ஏறியது, வீடு இறங்கியது. மூன்று படி ஏறிப் போன வாசலில் இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். அந்த வீடு வரிசை வரிசையாக ஜாக்கிகள்மேல் நிற்பதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

பள்ளிக்கூடம் மூன்று இடத்திலும் இருக்கிறது. மெட்ரோ வரும்போது வரட்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது, சிறுசேரிக்குத்தான் நீங்கள் அலைய வேண்டும். விலை இரண்டு மடங்காகுமா என்ற கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை. விற்கப்போகிறீர்களா, குடியிருக்கப்போகிறீர்களா? குழந்தையை வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு வரி கேட்கவில்லையே! இரண்டு பேரும் படித்தவர்கள், பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறவர்கள். 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் பார்த்தவர்கள்தானே?

அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் அந்த மனையை வாங்கினார். பார்க்கப் போனது சித்திரை மாதம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி எல்லாம் சரி. ஆக்கிரமிப்பு இல்லை, ஏரிக்குள் தண்ணீர் தேங்கும் உள்வாய்ப் பகுதியும் இல்லை. ஆனால் அது நன்செய். ஏரிக்குக் கீழே இருந்த வயல். வயலை எங்கே வைப்பார்கள்? தண்ணீர் தானாக வந்து சேரும் இடத்தில்தான். பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். தண்ணீர் அங்கே வருமா என்று சொல்லாது.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய அந்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. தண்ணீர் எங்கள் வீட்டு வாசல் வழியாக வரவில்லை. முதலில் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கியது. அம்மா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பளவு. இரண்டு இரவு மொட்டைமாடி. எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் என்றார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது எங்களுக்குக் கீழே. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள். ஒரு ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர், நடுவில் கால்வாய் குறுகிப்போனதால் தெருவுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் அப்பா பத்திரங்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். அதற்கப்புறம் மழை பெய்த இரவுகளில் அவர் படுத்ததே இல்லை. குளியலறைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தூங்குங்கள் என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

பெரும்பாக்கத்துக்கும் இதே கதைதான். தெற்கே இருக்கும் ஏரிகளின் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். 2022-இல் அந்தச் சதுப்புக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. நல்லது. அடுத்த வருடமே மிக்ஜாம் புயலில் சுற்றியிருந்த தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

அதனால் எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எந்தத் தெரு என்று கேளுங்கள். மூன்று ஊரிலும் மேடு உண்டு, பள்ளம் உண்டு. பழைய கோயிலும், ஆதியில் வீடுகள் இருந்த ஊர்நத்தமும் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். அங்கிருந்து நீங்கள் பார்த்த வீட்டுக்கு நடந்து பாருங்கள், கால் இறங்குகிறதா என்று தெரியும். கிராமத்து நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்தப் புல எண் நன்செய்யா புன்செய்யா என்று பாருங்கள். ஏரியின் மதகும் கலங்கலும் எந்தப் பக்கம் என்று கண்ணால் பாருங்கள். பால்காரரைக் கேளுங்கள், இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கார்த்திகை வரை பொறுங்கள். நல்ல மழை பிடித்த இரண்டாம் நாள், மகளையும் அழைத்துக்கொண்டு போய் அந்த வாசலில் நில்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.