ஆறாம் வகுப்பில் 'இலவச சீட்': பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஆனால் தெரிந்தவர் ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் டவுனில் உள்ள மெட்ரிக் பள்ளியில் ஆர்.டி.இ. கோட்டாவில் ஆறாம் வகுப்பு சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். எட்டாவது வரை அங்கே படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாறினால் டாக்டர் படிப்புக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும் கிடைக்குமாம். நம்பலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி (அதுதான் ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இலவச இடங்கள் நுழைவு வகுப்புக்கு மட்டும். அதாவது எல்.கே.ஜி., அல்லது பள்ளி ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஒன்றாம் வகுப்பு. அதற்கும் ஆன்லைனில்தான் விண்ணப்பம், இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். ஆறாம் வகுப்பில் புதிதாக ஆர்.டி.இ. சீட் என்று ஒன்று கிடையாது. இல்லாத சீட்டை எப்படி விற்கிறார்கள் என்கிறீர்களா? சாதாரணக் கட்டணத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, முதல் பருவக் கட்டணத்தை உங்கள் பணத்திலிருந்தே கட்டிவிடுவார்கள். இரண்டாம் பருவத்தில் பள்ளியிலிருந்து கட்டண நோட்டீஸ் வரும். அப்போது அந்தத் தெரிந்தவர் போனை எடுக்க மாட்டார். ரசீது கேட்டுப் பாருங்கள், அங்கேயே பேச்சு மாறும்.

அடுத்தது 7.5 சதவீதம். இதில் அவர் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2020-இல் வந்த சட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அந்த ஒதுக்கீடு. ஐந்தாவது வரை எங்கே படித்தாலும் யாரும் கேட்பதில்லை. கணக்கு ஆறாவதில் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் இருந்தாலும் போச்சு.

ஒரு விதிவிலக்கு உண்டு. எல்.கே.ஜி.யிலோ ஒன்றாவதிலோ ஆர்.டி.இ. மூலம் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாவதோடு அரசு கட்டும் கட்டணம் நின்றுவிடும். ஒன்பதாவதுக்குப் பணம் கட்ட முடியாமல் அந்தப் பிள்ளை அரசுப் பள்ளிக்கு வந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தாலே 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. ஏழைப் பிள்ளை என்று அரசே தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிறகு நீ அரசுப் பள்ளியில் படிக்கவில்லையே என்று தள்ளக்கூடாது அல்லவா, அதற்காக வைத்தது. உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்படி எல்.கே.ஜி.யில் சேர்ந்தவன் என்றால் அவனுக்குப் பொருந்தும். கட்டணம் கட்டி ஆறாவதில் சேரும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. புரோக்கர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காட்டித்தான் உங்களிடம் வியாபாரம் செய்கிறார்கள். எந்த வருடம் எந்தப் பள்ளி என்பது எமிஸ் என்னும் கல்வித் துறையின் கணினிப் பதிவில் வரிசையாக இருக்கும், பிறகு எந்தச் சான்றிதழாலும் அதை மறைக்க முடியாது.

டாக்டர் சீட் தூரத்து விஷயம், விடுங்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரை கணக்கைத்தான் பார்க்கிறது. எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பதாவது முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதையும் தனியார் மெட்ரிக் பள்ளிப் பிள்ளை எழுத முடியாது. இத்தனையும் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அடித்து ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கையில் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகும்? கல்வித் துறையில் கொடுக்க மாட்டார்கள். அந்த இடத்தில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

சேர்க்கைக்குப் போனால் தமிழ் வழியா ஆங்கில வழியா என்று கேட்பார்கள். அவசரத்தில் 'இங்கிலீஷ் மீடியம்' என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாவதிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வருடம் சேர்த்து வைத்ததை ஒரு கையெழுத்தில் ஏன் விட வேண்டும்? சில பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு பிரிவையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். என்னைக் கேட்டால் தமிழ் வழியே இருக்கட்டும்.

டி.சி. வாங்கும்போது தலைமை ஆசிரியர் மேசை முன்னாலேயே நின்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். சாதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் 'கனிமொழி', ஆதாரில் 'கனி மொழி', டி.சி.யில் 'கனி' என்று இருப்பது சாதாரணம். இப்போது என்றால் எமிஸில் திருத்தி மறுபடி எடுத்துத் தந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அதே பிழை ஏறிவிட்டால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஆயிரம் ரூபாய் கேட்கும் ஆட்கள் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நிற்பார்கள், ஒதுங்கிப் போங்கள். அது கையில் வரவில்லை, டி.சி. தாமதமாகிறது என்பதற்காகப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு வைப்பதும் தவறு.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மகள் இதுவரை காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் சாப்பிட்டிருப்பாள். அது ஐந்தாம் வகுப்போடு சரி. ஏப்ரலில் பசித்த பிள்ளைக்கு ஜூனில் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ! மதிய உணவு பத்தாவது வரை உண்டு. ஆனால் இரண்டரை கிலோமீட்டர் நடந்தோ பஸ்ஸிலோ போகிற பிள்ளை காலையில் வீட்டில் ஏதாவது சாப்பிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அரசுப் பேருந்துக்கு இலவச பாஸ் பள்ளியிலேயே எழுதிக் கொடுப்பார்கள்.

அந்தத் தெரிந்தவரிடம் அசல் பிறப்புச் சான்றிதழையோ ஆதாரையோ கொடுத்து வைத்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள். தராமல் இழுத்தால் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகாரும் கொடுங்கள்.