காதில் பெயர் சொல்லப்போகும் பாட்டிக்கு

கேள்வி: எனக்கு வயது 61. ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை உதட்டோரத்தில் அக்கிக் கொப்புளம் வருகிறது. இப்போதும் வந்து இரண்டு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. பிறந்து 22 நாள் ஆன அவன் காதில் நான்தான் பெயர் சொல்ல வேண்டும். உறவினர் முன்னால் இந்த முகத்தோடு எப்படி நிற்பது? அசைக்ளோவிர், வலசைக்ளோவிர், ஃபாம்சிக்ளோவிர் ஆகிய மாத்திரைகளில் எது சீக்கிரம் கேட்கும்? மருமகள் வேறு குழந்தையை என்னிடம் தரத் தயங்குகிறாள்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மருமகள் செய்வதுதான் சரி. உறவினர் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்பட்ட நீங்கள், அந்தக் கொப்புளத்தைக் குழந்தையின் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோகப் போகிறோமே என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இது உடற்சூட்டால் வருவதன்று. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸால் வருவது. கொப்புளத்தின் நீரிலும் எச்சிலிலும் அந்த வைரஸ் இருக்கும். உங்களுக்கு அது ஒரு வார எரிச்சல். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவுக்குத் தொற்றினால் மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும். இதுவரை முத்தமிட்டிருந்தால் மறைக்காமல் இன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, காய்ச்சலோ கொப்புளமோ கண்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். அசைக்ளோவிரில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாக இரத்தத்தில் சேராது என்பதால், 400 மி.கி. வீதம் நாளுக்கு 5 வேளையாக 5 நாள் விழுங்க வேண்டியிருக்கிறது. வலசைக்ளோவிர் உடலுக்குள் சென்று அதே அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது. ஆனால் பாதிக்கு மேல் சேர்ந்துவிடுவதால், 12 மணி நேர இடைவெளியில் 2 கிராம் வீதம் இரண்டே வேளை போதும். ஃபாம்சிக்ளோவிர் 1,500 மி.கி. ஒரே வேளையோடு முடிந்துவிடும். வசதி என்று பார்த்தால் பின்னிரண்டும் மேல். ஆனால் எதைத் தின்றாலும் புண் ஆறும் காலத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் குறையும். அதுவும் உதடு குறுகுறுக்கத் தொடங்கியதுமே விழுங்கினால்தான். கொப்புளம் கிளம்பி இரண்டு நாள் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குள் முகம் தெளிந்துவிடும் என்று எந்த மாத்திரையை நம்பியும் இருக்காதீர்கள். மாத்திரை போட்டுவிட்டோம், இனி தொற்றாது என்றும் எண்ண வேண்டாம். பொருக்கு உதிர்ந்து தோல் முழுவதும் ஆறும்வரை தொற்றும். இவை மூன்றும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், உங்கள் வயதில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் கடையில் கேட்டு வாங்குவது தவறு. அடிக்கடி வருவதால், அடுத்த முறைக்கென்று மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூத்தவர் என்பதற்கு உரிமை மட்டும் பொருளாகாது. முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவரும் அவரே என்று நம்புகிறவள் நான். இருபத்திரண்டு நாள் பச்சை உடம்புக்காரி மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தயங்கி நிற்கும்படி வைத்தது உங்களுக்கு அழகா? ‘எனக்கு உதட்டில் அக்கி, ஆறும்வரை குழந்தையை நான் தூக்கமாட்டேன்’ என்று நீங்களே இன்று அவளிடம் சொல்லுங்கள். பெயர் சொல்லும் பொறுப்பைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பந்தியைக் கவனியுங்கள்.